மைதானம் இல்லாத போட்டி

சென்ற தை மாதம் நமது சங்கத்தின் பொங்கல் விழாவையொட்டி, கைத்தொலைபேசியில் ஆடும் விளையாட்டில் ஒரு போட்டி நடைபெற்றதை அங்கத்தினர்களில் பலர் அறிவர். அறியாதவர்களும் உண்டு. ஏனெனில் அதற்குப் பந்தல் போடவில்லை, ஒலிபெருக்கி கட்டவில்லை, போசரியில் எந்த மைதானத்திலும் ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை. 64 பேர் ஆடினார்கள். பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் நேரில் காணாமலே ஆடி முடித்தார்கள். அதை நடத்தும் பொறுப்பு, ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் என் தலையில் விழுந்தது. நடந்ததை நடந்தபடி எழுதித் தருமாறு காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் செய்த பிழையையும் சேர்த்து எழுதுவதானால் சம்மதம் என்றேன். அவர் தடை சொல்லவில்லை.

விஷயம் ஆரம்பித்தது ஓர் எளிய கேள்வியில்தான். விழாவுக்குக் குழந்தைகள் வருகிறார்கள், தாய்மார்கள் வருகிறார்கள், பெரியவர்கள் வருகிறார்கள். 18 முதல் 25 வயது வரையுள்ள வாலிபர்கள் ஏன் வருவதில்லை என்று நிர்வாக சபையில் பேச்சு எழுந்தது. அதற்கு விடை சொன்னவர் கடைசல் பட்டறையில் வேலை செய்யும் ஓர் இளைஞர். "அண்ணாச்சி, நீங்க விழா வைக்கிறது ஞாயித்துக்கிழமை. எங்களுக்கு லீவு வியாழக்கிழமை" என்றார். தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் நமக்கு இது புதிய செய்தியல்ல. இங்குள்ள ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் வார விடுமுறை வியாழன். மின்சாரப் பராமரிப்பு வேலைகளுக்காக மின்னோட்டத்தை நிறுத்துவதும் பெரும்பாலும் அன்றுதான். தெரிந்திருந்தும் இத்தனை வருஷமாக நாம் அதை எண்ணிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை மாலையில், அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே கலந்துகொள்ளக்கூடியதாக ஏதாவது வைத்தால் என்ன என்று அவரே கேட்டார். வாலிபர்கள் ஏற்கெனவே இரவில் ஆடிக்கொண்டிருக்கும் விளையாட்டையே சொன்னார்.

உடனே இரண்டு ஆட்சேபங்கள் வந்தன, இரண்டும் நியாயமானவை. முதலாவதைச் சொன்ன பெரியவர் நாற்பது ஆண்டுகளாகப் போசரியில் இருப்பவர். "இது மல்யுத்தத்துக்குப் பேர்போன ஊர். இங்கே பிறந்த பிள்ளை செம்மண்ணில் புரண்டு உடம்பை வளர்க்கிறது. நம் பிள்ளை கட்டிலில் படுத்துக்கொண்டு கட்டைவிரலால் சண்டை போடுவதற்குச் சங்கம் கோப்பை கொடுப்பதா?" என்றார். இதற்குத் தக்க பதில் என்னிடம் இல்லை, இன்றும் இல்லை. மறு வருஷம் சடுகுடுப் போட்டியும் வைப்பதென்று வாக்குக் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினோம்.

இரண்டாவது ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. நம் அங்கத்தினர் ஒருவர் வீட்டில், பிள்ளை தொலைபேசியில் ரம்மி ஆடி நான்கு மாதச் சம்பளத்தைத் தொலைத்தான். அந்தத் தாயார் கூட்டத்தில் எழுந்து, "ஆட்டம் எதுவானாலும் எனக்கு ஒன்றுதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதன்பின் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. குழுவுக்கு 100 ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்கி, சேர்ந்த தொகையை வென்றவர்களுக்கு அளிப்பது என்று அதுவரை நான் போட்டிருந்த திட்டத்தை அன்றிரவே எடுத்து வைத்துக்கொண்டு சட்டத்தைப் படித்துப் பார்த்தேன்.

இணையவழி விளையாட்டுகளை ஊக்குவிக்கவும் ஒழுங்குபடுத்தவும் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அம்மாதம் 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் அளித்தார். பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு ஆடும் ஆட்டத்தை, அது திறமையால் வெல்வதாயினும் அதிர்ஷ்டத்தால் வெல்வதாயினும், அச்சட்டம் தடுக்கிறது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. மின்விளையாட்டுப் போட்டியை மட்டும் அது வேறாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கலாம், திறமைக்குப் பரிசுப் பணமும் தரலாம். ஆனால் அத்தகைய போட்டி அங்கீகாரமும் பதிவும் பெற்றதாக இருக்க வேண்டும், அதன்மேல் எவரும் பந்தயம் கட்டலாகாது. ஓர் ஊர்ச் சங்கம் நூறு ரூபாய் வசூலித்து அதையே பரிசாகக் கொடுத்தால் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கும் என்று வாதாட எனக்குத் துணிவில்லை. ஆகவே கட்டணமே கிடையாது, ரொக்கப் பரிசும் கிடையாது என்று முடிவு செய்தோம். அந்தத் தாயாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, காப்பி கொடுத்தார்.

அப்படியானால் என்ன பரிசு தருவது? நம் அங்கத்தினர் ஒருவரின் மகள், கணினி படிக்கும் கல்லூரி மாணவி, ஒரு செய்தி சொன்னாள். உலகில் முதன்முதலாக நடந்த கணினி விளையாட்டுப் போட்டிகளில் ஒன்று 1972 அக்டோபர் 19ஆம் தேதி அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் நடந்ததாம்; ஆட்டத்தின் பெயர் ஸ்பேஸ்வார். வென்றவருக்குக் கிடைத்த பரிசு ரோலிங் ஸ்டோன் என்ற பத்திரிகைக்கு ஓராண்டுச் சந்தா! காரியதரிசியின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நமது மாத இதழின் ஓராண்டுச் சந்தாவும் ஒரு கோப்பையும் முதற்பரிசு என்று அந்த நிமிடமே தீர்மானமாயிற்று. வாலிபர்கள் இதைக் கேட்டு எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஆட்டம் இன்னதென்று தெரியாத தாய் தந்தையருக்காகச் சில வார்த்தைகள். நாங்கள் எடுத்துக்கொண்டது பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. பப்ஜி என்று வீடுதோறும் பேசப்பட்டதே, அதன் இந்தியப் பதிப்பு. பப்ஜியின் இறுதிப்போட்டி ஒன்று 2019 மார்ச்சில் ஹைதராபாதில் ஒரு கோடி ரூபாய்ப் பரிசுத் தொகையோடு நடந்தது. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. 2021 ஜூலையில் இந்தப் பதிப்பு வந்தது; 2022 ஜூலை இறுதியில் இதுவும் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் நேரக் கட்டுப்பாடுகளோடு திரும்பியது. இதற்கிடையே 2022 டிசம்பரில் மின்விளையாட்டை மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தார்கள். 2018இல் ஜகார்த்தாவில் வெறும் காட்சியாக நடந்தது, 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுகளில் பதக்கம் தரும் போட்டியாகவே ஆகிவிட்டது.

ஆட்டத்தின் முறை கண்ணாமூச்சியும் சடுகுடுவும் கலந்தது போல. நால்வர் ஒரு குழு. எல்லோரும் ஒரு விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். தீவு எட்டுக் கிலோமீட்டர் நீளம், எட்டுக் கிலோமீட்டர் அகலம் என்று கணக்கு. கையில் ஒன்றுமில்லாமல் இறங்கி, வீடுகளில் கிடக்கும் ஆயுதங்களைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நின்றவனுக்கு உயிர் தேயும். கடைசியில் எந்தக் குழு எஞ்சி நிற்கிறதோ அதற்கு முதலிடம். ஓர் ஆட்டம் அரைமணி நேரம் ஓடும். துப்பாக்கி ஆட்டம்தான், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

எங்கள் போட்டிக்கு, பெரிய போட்டிகளில் வழங்கும் புள்ளி முறையையே எடுத்துக்கொண்டோம். முதலிடத்துக்கு 10, பிறகு 6, 5, 4, 3, 2, ஏழாவதற்கும் எட்டாவதற்கும் ஒவ்வொன்று, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. எதிரி ஒருவரை வீழ்த்தினால் ஒரு புள்ளி. இதனால் மூன்று பேரை மட்டும் வீழ்த்தி முதலிடம் பெற்ற குழு 13 புள்ளி பெறும். ஒன்பது பேரை வீழ்த்தி இரண்டாமிடம் வந்த குழு 15 பெறும். ஒளிந்தே ஜெயிப்பவனுக்கும் துணிந்து மோதுபவனுக்கும் நடுவே நிறுத்திய தராசு இது. பத்திகள் வரைந்து கூட்டிப் போடுவது என் பிழைப்பாகையால் இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மற்ற ஏற்பாடுகள் அவ்வளவு சுலபமாக இல்லை. ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு தனி அறை திறந்து, அதன் எண்ணையும் கடவுச்சொல்லையும் குழுத் தலைவர்களுக்கு மட்டும் ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாக அனுப்ப வேண்டும். முன்னரே அனுப்பினால் அழையாத விருந்தாளிகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். 16 குழு போதும் என்று வைத்தோம். முதலில் 21 குழு பெயர் கொடுத்து, முந்தின நாள் ஆறு குழு பின்வாங்கி, கடைசி இடத்தை நிரப்ப இரவு பதினொரு மணி வரை தொலைபேசியில் பேசினேன்.

இதில் ஓர் எதிர்பாராத நன்மையும் விளைந்தது. மைதானம் இல்லாததால் ஊர் எல்லையும் இல்லை. போசரியிலும் திகியிலும் காசர்வாடியிலும் இருக்கும் பிள்ளைகள் 11 குழு, மும்பையிலிருந்து மூன்று, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒன்று. மீதி ஒன்று கலப்புக் குழு: இருவர் இங்கே, அவர்களுடைய சித்தப்பா பிள்ளைகள் இருவர் கோவில்பட்டியில். ஐந்து வருஷமாக ஊருக்குப் போகாத குடும்பம். அந்த நால்வரும் பயிற்சிக்கென்று மூன்று வாரம் தினந்தோறும் பேசியிருக்கிறார்கள்.

தொலைபேசிகளின் ஏற்றத்தாழ்வு எனக்குக் கவலை தந்தது. விலையுயர்ந்த போனில் நொடிக்கு 90 படம் ஓடும். மலிவான போனில் 30தான் ஓடும், அதுவும் சூடேறினால் திணறும். ஓட்டப் பந்தயத்தில் ஒருவனுக்கு மட்டும் செருப்பு கொடுத்தாற்போல. இதைச் சரிசெய்ய நம்மால் ஆகாது. பெரிய திரையுள்ள பலகைக் கணினியும் மேசைக் கணினியும் கூடாது என்று மட்டும் விதித்தோம். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றோம். அவர்களை நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்குமேல் அந்த ஆட்டமே ஆட விடாது. ஆகவேதான் நான்கு ஆட்டம் வைக்க எண்ணியிருந்ததை மூன்றாகக் குறைத்தோம். காலையில் யாரும் பயிற்சி செய்யாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஒரு பையன் கேட்கவில்லை. மூன்றாம் ஆட்டத்துக்கு முன் அவனுடைய நேரம் தீர்ந்து கதவு அடைபட, மற்ற மூவர் அவனில்லாமல் ஆடினார்கள்.

வியாழன் மாலை ஏழு மணிக்கு ஆட்டம். சங்க அறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வைத்து, மேற்சொன்ன மாணவி பார்வையாளராக அறைக்குள் நுழைந்து ஆட்டத்தைக் காட்டினாள். திரையில் தெரிவது மூன்று நிமிடம் பிந்தியது. "ஏனம்மா, பழைய சேதியைக் காட்டுகிறாய்?" என்று பெரியவர் கேட்டார். உடனுக்குடன் காட்டினால் எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதை ஆடுகிறவர்களும் பார்த்துக்கொள்வார்களே என்று அவள் விளக்கியதும் அவருக்கு ஆட்டத்தின்மேல் முதன்முறையாக ஒரு மதிப்பு ஏற்பட்டது.

வீட்டில் சிக்னல் சரியில்லாத ஒரு குழு அறையின் பின்கட்டில் உட்கார்ந்து ஆடியது. அவர்கள் பேச்சைக் கேட்கத் தாய்மார்கள் கதவோரம் கூடினார்கள். திரையின் மேலே திசைகாட்டியின் எண்கள் ஓடும். "இருநூற்றுப் பத்தில் ஒருத்தன், நாற்பதில் இருவர்" என்று பாகையைச் சொல்லித்தான் ஒருவருக்கொருவர் எச்சரிக்கிறார்கள். பையன்கள் பேசியது பெரும்பாலும் இந்தி, நடுநடுவே மராத்தி. எதிரி முதுகுக்குப் பின்னால் வந்த கணத்தில் மட்டும், "ஏலே, பின்னாடி பாருலே!" என்று தாமிரபரணி வெளியே வந்துவிட்டது. வாசலில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவன் வீழ்ந்தான். இன்னொரு பையன் தன் தாயாரின் போனில் ஆடிக்கொண்டிருந்தான். கடைசி வட்டத்தில் அம்பாசமுத்திரத்து அத்தை கூப்பிட்டுவிட்டார்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

இரண்டாம் ஆட்டம் தொடங்கி எட்டு நிமிடம் ஆகியிருக்கும். ஒரு சந்தில் மின்சாரம் நின்றது. போனுக்கு மின்கலம் இருக்கிறதே, என்ன நஷ்டம் என்று தோன்றும். ஆனால் வீட்டு வைஃபை பெட்டி அணைந்துவிடுமே! அந்தச் சந்தில் குடியிருக்கும் இரண்டு குழுக்களின் ஏழு பேர் ஒரே நொடியில் அறுந்துபோனார்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறி அவர்கள் திரும்பி வருவதற்குள் நால்வர் வீழ்ந்துவிட்டனர். அவர்களுடைய தகப்பனார் இருவர் சங்க அறையில் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். "தம்பி, பிள்ளைகள் பேரில் என்ன தப்பு?" என்று ஒருவர் கேட்டார். இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று நான் விதியில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தி, செல்லாது என்று அறிவித்து, மறுபடி தொடங்கச் செய்தேன்.

அந்த எட்டு நிமிடத்துக்குள் கடைசல் பட்டறை இளைஞரின் குழு ஐந்து பேரை வீழ்த்தியிருந்தது. அந்த ஐந்து புள்ளியும் போயிற்று. மறு ஆட்டத்தில் அவர்கள் ஒன்பதாமிடம். கிடைத்தது ஒரே புள்ளி. முடிவில் கணக்கைக் கூட்டினேன். பட்டறைக் குழு முதல் ஆட்டத்தில் 13, இரண்டாவதில் 1, மூன்றாவதில் முதலிடம் பெற்று 16, ஆக 30. மின்சாரம் போன சந்தின் குழுக்களில் ஒன்று 7, 15, 10, ஆக 32. கோப்பை அவர்களுக்கே சென்றது. நான் கொடுத்த மறு ஆட்டத்தில் பெற்றதுதான் அந்த 15. அவர்கள் நன்றாகவே ஆடினார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை.

பெரிய போட்டிகளில் பொதுவான வழக்கம் என்னவென்று பிற்பாடு விசாரித்தேன். ஆட்டத்தை நடத்தும் இயந்திரமே பழுதானால் மறு ஆட்டம் உண்டு. ஆடுகிறவன் வீட்டு மின்சாரமும் இணைப்பும் அவனவன் பொறுப்பு. யோசித்துப் பார்த்தால் இதை நான் எவரிடமும் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஒரு பயணி வண்டியைத் தவறவிட்டார் என்பதற்காக, புறப்பட்டுவிட்ட வண்டியைத் திரும்ப நடைமேடைக்குக் கொண்டுவரும் வழக்கம் எங்கள் இலாகாவில் கிடையாது. பன்னிரண்டு வருஷ சர்வீஸில் இதைத் தினமும் பிறருக்குச் சொல்லி வந்தவன், அன்று மாலை வண்டியைத் திருப்பிவிட்டேன். காரணம் எனக்குத் தெரியும். வருத்தப்பட்ட தகப்பனார்கள் என் கண்ணெதிரே இருந்தார்கள். பட்டறைப் பிள்ளைகள் நால்வரும் எங்கோ ஒரு வாடகை அறையில், எனக்கு முகம் தெரியாத இடத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மைதானமாக இருந்தால் இரு தரப்பும் என் முன்னால் நின்றிருக்கும்.

அடுத்த வியாழக்கிழமை அந்த இளைஞர் இரண்டாம் பரிசை வாங்கிக்கொள்ள வந்தார். புள்ளித் தாளைப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி, இரண்டாம் ஆட்டத்தின் பத்தியில் சற்று நின்று, பிறகு கீழே போனார். மறு ஆட்டத்தில் கிடைத்த ஒன்றுக்குப் பதிலாக முன்பு எடுத்த ஐந்து நின்றிருந்தாலே அவர்களுக்கு 34 ஆகியிருக்கும் என்பதை நானே சொன்னேன். "தெரியும் அண்ணாச்சி, அன்னைக்கே கூட்டிப் பார்த்துட்டோம்" என்றார். பிழை என்னுடையது என்றேன். கோப்பையைத் திரும்பப் பெறுவது முறையல்ல என்பதில் அவரும் நானும் ஒத்துப்போனோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த தடவை விதியை முன்னாடியே எழுதிப் போடுங்க. பேப்பர் இருக்கா?" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொருவர் போனிலும் மொபைல் டேட்டா தயாராக இருக்க வேண்டும். போன் முழுவதும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அழைப்புகள் வராதபடி நிறுத்தி வைக்க வேண்டும். அறையே கலைந்தாலொழிய மறு ஆட்டம் இல்லை. தீர்ப்பு சொல்பவர் ஒருவராக இராமல் மூவராக இருக்க வேண்டும். அவர்களில் எவருடைய உறவினரும் அன்று ஆடலாகாது. இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தங்கை மகன் அந்தச் சந்துக் குழு இரண்டில் ஒன்றில், கோப்பை பெறாத குழுவில், ஆடினான் என்பதை வாசகர்களுக்கும் தெரிவித்துவிடுகிறேன்.

விழாக் கணக்கிலிருந்து ஆன மொத்தச் செலவு 3,140 ரூபாய். ரசீதுகள் காரியதரிசியிடம் உள்ளன. இரண்டாம் போட்டி சித்திரைக்குப் பின் வரும் ஒரு வியாழக்கிழமை நடைபெறும். மூன்று நடுவர்களில் ஒருவராக இருக்கக் கடைசல் பட்டறை அன்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதனால் அவர் ஆட மாட்டார். மற்ற இரு இடங்களுக்கு ஆட்டம் தெரிந்தவர்கள், வீட்டில் ஆடுகிறவர் எவரும் இல்லாதவர்கள், ஞாயிறு மாலை சங்க அறையில் பெயர் கொடுக்கலாம். சடுகுடுவுக்கும் அங்கேயே பெயர் எழுதுகிறோம். இதுவரை ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களில் நால்வர் அந்தப் பட்டறைக் குழுவினர்.